வரிக்கு 65 எழுத்து

ஓர் அமெரிக்க டாக்டரின் குரலை முதன்முதலாக நான் கேட்டது 2003 டிசம்பரில், கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில். தலையில் ஹெட்போன், காலுக்கடியில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், இன்னொரு பக்கம் அழுத்தினால் பின்னால் போகும். பின்னால் போகிற பக்கம்தான் எல்லா பெடலிலும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அந்த டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசினார். மூன்று நிமிட ஆடியோ. அதை அடித்து முடிக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. எடிட்டர் அக்கா பார்த்துவிட்டு, "பரவால்ல, நான் முதல் நாள் அழுதுட்டேன்" என்றார்.

குத்தாலத்திலிருந்து காலை பாசஞ்சரில் போய் சாயங்காலம் திரும்புவேன். அப்போது மீட்டர் கேஜ். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்ணுக்கு, மாப்பிள்ளை பார்க்கும்வரை கிடைத்த வேலை. சம்பளம் வரிக்கு 25 பைசா. ஒரு வரி என்றால் 65 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. இது எங்கள் முதலாளி கண்டுபிடித்த கணக்கில்லை, அமெரிக்காவில் அந்தத் தொழிலே அப்படித்தான் அளக்கப்பட்டது. நெல்லை மரக்காலால் அளந்த ஊரில் நாங்கள் எழுத்தை அளந்துகொண்டிருந்தோம்.

இன்றைக்கு "ரிமோட் மெடிக்கல் அசிஸ்டென்ட்" என்று ஏதோ கொரோனாவுக்குப் பிறகு வந்த புதுசு மாதிரிப் பேசுகிறார்கள். டாக்டருடைய அலுவலக வேலையைக் கடல் தாண்டி உட்கார்ந்து இன்னொருவர் பார்ப்பது நம் பக்கத்தில் முப்பது வருஷத்துப் பழசு. அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அடுத்தவர் நோயை எழுதியே காலம் கழித்தவர்களுக்குத் தங்கள் கதையை எழுத நேரம் வாய்க்கவில்லை.

அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்ததும் கையால் எழுதுவதில்லை, டேப்பில் பேசிவிடுவார். பேசியதை அடித்துக் கொடுக்க மருத்துவமனையிலேயே பெண்கள் இருந்தார்கள். அவர்கள் 1978-ல் தங்களுக்கென்று ஒரு சங்கம்கூட அமைத்துக்கொண்டார்கள். பேச்சு டேப்பிலிருந்து கம்ப்யூட்டர் கோப்பாக மாறியபோது, அதை அடிப்பவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. 1990-களின் நடுவில் பெங்களூரில் ஹெல்த்ஸ்கிரைப் மாதிரி நிறுவனங்கள் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. 2000-ல் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். கொஞ்ச நாளில் தஞ்சை ஜில்லாவில்கூட மூலைக்கு மூலை "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சி, வேலை நிச்சயம்" போர்டுகள். பாதிப் பேர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு கடையைக் கட்டினார்கள். நான் படித்த இடம் மீதிப் பாதியில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தத் தொழில் நம் ஊருக்கு வந்ததற்குச் சம்பள வித்தியாசம் ஒரு காரணம். எனக்கு முக்கியமாகத் தெரிவது பூமி உருண்டையாக இருப்பது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. அவர் சாயங்காலம் பேசி வைத்துவிட்டுத் தூங்கப் போவார். நமக்கு விடியும். நாம் பகலெல்லாம் அடித்து அனுப்பினால் அவர் காலையில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது மேஜையில் பேப்பர் தயார். அதாவது பகல் வேலை. கால் சென்டர் என்றாலே "ராத்திரி வேலையா?" என்று முகம் சுளித்த வீடுகளில், "இல்லப்பா, ஆறு மணி ரயிலுக்கு வந்துடுவேன்" என்று சொல்ல முடிந்தது. என்னுடன் வேலை பார்த்த பதினாலு பெண்களில் பாதிப் பேராவது அந்த ஒரு வாக்கியத்தால்தான் அனுப்பிவைக்கப்பட்டவர்கள்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் விதி: காதில் விழாததை யூகிக்காதே. கோடு போட்டு, ஆடியோவில் எத்தனையாவது நொடி என்று குறித்துவிட்டு மேலே போ. கேட்பதற்குச் சுலபம். செலிப்ரெக்ஸ் மூட்டுவலிக்கு, செலெக்ஸா மனச்சோர்வுக்கு, செரெபிக்ஸ் வலிப்புக்கு. டாக்டர் மென்றுகொண்டே சொன்னால் மூன்றும் ஒன்றுதான். "இலியம்" என்று ஒரு சொல், இடுப்பெலும்பும் அதுவே, சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அதுவே. எழுத்தில் வேறு, காதுக்கு வித்தியாசமே கிடையாது. முன்னால் பின்னால் என்ன பேசுகிறார் என்று புரிந்தால்தான் எழுத முடியும். ஹைப்போவா ஹைப்பரா என்பதில் ஒரு உயிர் இருக்கிறது. 2004-ல் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு, எழுதக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலே கொண்டுவந்தது. 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதாதே, புள்ளி அழிந்தால் 50 ஆகிவிடும். யூனிட் என்பதற்கு ஒற்றை எழுத்துப் போடாதே, சுழியம் போலத் தெரியும். அந்தப் பட்டியலை எங்கள் சுவரில் பிள்ளையார் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தோம்.

ஒரு முறை நான் ஒரு "இல்லை"யை விட்டுவிட்டேன். "நெஞ்சுவலி இல்லை" என்பது "நெஞ்சுவலி" ஆகிவிட்டது. எடிட்டர் அக்கா பிடித்துவிட்டார். திட்டவில்லை. அந்த ஆடியோவை எனக்கு நான்கு முறை போட்டுக் காட்டினார். அப்புறம் பல நாள் ராத்திரி அந்த ஒரு சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. காசு கணக்கில் அதன் விலை ஒரு பைசா வருமா என்பதே சந்தேகம்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் "அருவி விழுமே, அதுவா?" என்பார்கள். அது குற்றாலம், தென்காசிப் பக்கம். இது காவிரிக்கரைக் குத்தாலம். உத்தால மரத்தால் வந்த பேர், தேவாரத்தில் திருத்துருத்தி. இங்கே சிவனுக்கு உக்தவேதீஸ்வரர் என்று பெயர், தமிழில் "சொன்னவாறு அறிவார்". சுந்தரர் உடம்பைப் பிடித்த நோயோடு வந்து இங்கே குளத்தில் மூழ்கிக் குணமானார் என்பது பெரியபுராணக் கதை. கும்பகோணத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சாமியின் பெயரை நான் கவனித்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் என் தோழி, "நம்ம டிபார்ட்மென்ட் சாமிடி" என்பாள்.

அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு பாட்டியின் கோப்பு எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருக்கிறேன், இருபது வருஷம் ஆனாலும் அது கையெழுத்துதான். இதயம் பலவீனம், காலில் நீர், மூச்சு வாங்கல். ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், நீரை வடியவைத்து அனுப்புவார்கள், ஆறு வாரத்தில் மறுபடி. சமூக விவரம் என்ற தலைப்பில் டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒன்று சேர்ப்பார். முதலில், தனியாக வசிக்கிறார். அடுத்தது, பூனை வளர்க்கிறார். அப்புறம், மகள் தூரத்தில். ஐந்தாவது தடவை, உப்பைக் குறைக்கச் சொன்னால் சிரிக்கிறார். ஆறாவது கோப்பு இறப்புச் சுருக்கம். பத்தொன்பது வரி. அடித்து முடித்துவிட்டு மோர் குடிக்கப் போனேன். யாரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பாட்டிக்கு என்னைத் தெரியாது. அவர் எப்படிச் சிரித்திருப்பார் என்று யோசித்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கையெழுத்து விஷயத்தில் எங்கள் அலுவலகம் கறாராக இருந்ததற்குக் காரணம் கராச்சி. 1996-ல் அமெரிக்கா ஹிப்பா என்ற சட்டம் இயற்றியது. அதன் அந்தரங்க விதிகள் 2003 ஏப்ரல் 14-லிருந்து கட்டாயமாயின. அதே ஆண்டு அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: எனக்கு வரவேண்டிய பாக்கியைக் கொடுக்காவிட்டால் உங்கள் நோயாளிகளின் ரெக்கார்டுகளை இன்டர்நெட்டில் போட்டுவிடுவேன். அனுப்பியவர் கராச்சியில் உட்கார்ந்து டைப் அடித்த ஒரு பெண். மருத்துவமனைக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவர்கள் வேலையைக் கொடுத்தது உள்ளூர் நிறுவனத்துக்கு. அது ஃப்ளோரிடாவில் ஒருவருக்கு, அவர் டெக்சாஸில் இன்னொருவருக்கு, அங்கிருந்து கராச்சிக்கு. கைமாற்றிக் கைமாற்றி கடைசிக் கைக்கு வரும்போது கூலி வற்றிவிட்டது. பாக்கியில் கொஞ்சம் வந்ததும் அவர் மிரட்டலை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அமெரிக்கப் பத்திரிகைகளில் இது பெரிய ரகளை, வெளிநாட்டுக்கு ரெக்கார்டை அனுப்பலாமா என்று. அவர் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் எங்கள் மாடியில் அந்தக் கதையைச் சொன்னபோது பதினாலு பேரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசப் பாக்கியாம்?"

டாக்டருக்காக இன்னொரு கை எழுதுவது நம் ஜில்லாவுக்கு அதற்கு முன்பே தெரியும் என்று நினைக்க எனக்கு ஆசை. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கேஸ் ஷீட்டுகள் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்டவர், தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையம் வைத்தவர். அந்தத் தாள்களில் கண்நோயாளிகளின் விவரமும் சிகிச்சையும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, கண்ணின் வண்ணப்படங்களும் உண்டு. நம் ஊர் ஏழை எளியவர்களின் கண்ணை ஒரு ராஜா பொறுமையாகப் பதிவுசெய்ய வைத்திருக்கிறார். அதற்கு நூற்றெழுபது, நூற்றெண்பது வருஷம் கழித்து அதே ஜில்லாவில் நாங்கள் பதினாலு பேர் பார்க்காத தேசத்துக் கண்களைப் பதிவுசெய்துகொண்டிருந்தோம், எங்கள் அப்பா அம்மாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல்.

இதை நான் அப்போது யோசிக்கவில்லை. 2006-ல் அப்பாவுக்கு அறுப்பு நேரத்தில் காலில் அரிவாள் பட்டது. பக்கத்து ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, அங்கேயே மாற்று ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சொன்னது: "உனக்கு நாலு வயசுல இப்படித்தான் ஆச்சு. வெள்ளை ஊசி ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னாங்க." வெள்ளை ஊசி என்றால் பென்சிலின். அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது என்பது எங்கள் வீட்டில் இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. நானோ தினம் முப்பது பேருக்கு "ஒவ்வாமை" என்று தலைப்புப் போட்டு, அதில் ஒன்றும் இல்லாவிட்டால் "அறிந்தவரை இல்லை" என்று அடிக்காமல் அடுத்த பத்திக்குப் போனதே கிடையாது.

அன்றைக்கு ராத்திரி அலுவலகக் கம்ப்யூட்டரில் அப்பாவுக்கு ஒரு பக்கம் அடித்தேன். வயது, இப்போதைய தொந்தரவு, முந்தைய நோய்கள், சாப்பிடும் மாத்திரை, குடும்ப விவரம், சமூக விவரம், எல்லாம் அதே வரிசையில். ஒவ்வாமை மட்டும் பெரிய எழுத்தில், சிவப்பில். சமூக விவரத்தில் "விவசாயி, வெற்றிலை உண்டு, உப்பைக் குறைக்கச் சொன்னால் கோபிப்பார்" என்று எழுதினேன். லேமினேட் செய்து கொடுத்தேன். அப்பா அதை ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டது.

அதற்குள் எங்கள் தொழில் தேய ஆரம்பித்திருந்தது. முதலில் மெஷின் வந்தது. டாக்டர் பேசுவதை சாஃப்ட்வேரே எழுதிவிடும், நாங்கள் திருத்தினால் போதும். திருத்துவது சுலபம்தானே என்று கூலியைப் பாதியாக்கினார்கள். தப்பாக எழுதியதைத் திருத்துவது புதிதாக எழுதுவதைவிடக் கஷ்டம் என்று அவர்களுக்குச் சொல்ல எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் போதவில்லை. 2008-ல் நுவான்ஸ் நிறுவனம் ஈஸ்கிரிப்ஷனை வாங்கியது. 2009-ல் ஒபாமா அரசு ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்கு மாறப் பணம் ஒதுக்கியது. டாக்டரே திரையில் கட்டங்களை டிக் செய்ய வேண்டும் என்றாயிற்று. குரலே தேவையில்லை. பாத்திரக்கடை மாடி காலியானது. இப்போது அங்கே டியூஷன் சென்டர்.

அந்தக் கட்டங்கள் டாக்டர்களையே தின்றன என்பது வேறு கதை. 2016-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த கணக்கு: நோயாளியோடு ஒரு மணி நேரம் இருந்தால், கம்ப்யூட்டரோடும் காகிதத்தோடும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எழுதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டாக்டரை டைப்பிஸ்ட் ஆக்கிய புண்ணியம். மறுபடி ஆள் வேண்டியிருந்தது. கூகுள் கண்ணாடியை டாக்டர் மாட்டிக்கொள்வார், அவர் பார்ப்பதையும் கேட்பதையும் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இருப்பவர் அப்போதே பதிவு செய்வார். 2012-ல் தொடங்கிய ஆக்மெடிக்ஸ் செய்தது இதைத்தான்.

நடுவில் கோடிங் என்று ஒன்று. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்கா புது நோய்க்குறியீட்டு முறைக்கு மாறியது. பதினாலாயிரம் போல இருந்த குறியீடுகள் அறுபத்தெட்டாயிரம் போல ஆயின. சென்னை, திருச்சி, கோவை என்று நம் பிள்ளைகளுக்கு வேலை கொட்டியது. டபிள்யூ 61.62 என்று ஒரு குறியீடு, வாத்து தாக்கியதால் வந்த காயத்துக்கு. அறுப்பு முடிந்த வயலில் ஆயிரம் வாத்தை ஓட்டிக்கொண்டு போகிற ஊர் எங்களுடையது. இதுவரை ஒருத்தரையும் வாத்து தாக்கி நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்க வாத்துகள் வேறு ஜாதி போல.

கிராமத்திலேயே கம்ப்யூட்டர் வேலை என்பதும் எங்கள் பக்கத்தில் நடந்துபார்த்ததுதான். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகிற சாலையில் கொல்லுமாங்குடி. அங்கே சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் சலோனி மல்ஹோத்ரா தொடங்கிய தேசிக்ரூ ஒரு மையம் வைத்தது. மருத்துவம் இல்லை, பொதுவான தகவல் பதிவு வேலைகள். ஆனால் "ஊரை விட்டுப் போகாமல் சம்பாதிக்கலாம்" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் கண்ணால் கண்டது அங்கேதான்.

இப்போது என் அக்கா மகள். குத்தாலம் வீட்டில், முன்பு பத்தாயம் இருந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டர், இரண்டு திரை, சாத்திய கதவு. கதவைச் சாத்துவது சட்டம், உள்ளே தாத்தாகூடப் போகக் கூடாது. மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு அமெரிக்க கிளினிக்குக்கு அவள்தான் முன்மேஜை. போன் எடுக்கிறாள், அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறாள், வராதவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறாள். ஸ்கேனுக்கும் விலை கூடின மருந்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். அதற்குக் கூப்பிட்டுக் காத்திருப்பதுதான் பாதி வேலை. நாற்பது நிமிஷம் இசையைக் கேட்டுவிட்டு, எதிர்முனையில் எடுப்பவரும் சில சமயம் நம்மூர்க் குரலாகவே இருக்கும் என்கிறாள். இருவரும் அதைக் காட்டிக்கொள்ளாமல் இங்கிலீஷிலேயே பேசி முடித்துவிடுவார்களாம்.

அவள் சம்பளம் நான் வாங்கியதைப் போலப் பல மடங்கு. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று மாறிவிட்டது. எனக்கு டாக்டரின் குரல் ஒரு கோப்பாக வந்தது. அவர் தூங்கும்போது நான் எழுதினேன். இவள் அவர்களுடைய பகலுக்குள்ளேயே உட்கார வேண்டும். எழுதுகிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. நுவான்ஸை வாங்க மைக்ரோசாஃப்ட் 1,970 கோடி டாலர் தருவதாக 2021-ல் அறிவித்தது, இப்போது அறையில் நடக்கும் பேச்சைக் கேட்டு அதுவே குறிப்பு எழுதுகிறது. மனுஷிக்கு மிச்சம் இருப்பது பொறுமையாகக் காத்திருப்பதும், கோபமாக இருக்கிறவரிடம் தன்மையாகப் பேசுவதும். அது ராத்திரி ஏழரையிலிருந்து விடியற்காலை நாலரைவரை. கோடையில் ஒரு மணி நேரம் முன்னால். நவம்பரில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் இங்கே எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறும். பூமி உருண்டை என்பது எனக்கு உதவியது, இவளுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. "மெஷின் இதையும் பேசக் கத்துக்கிட்டா?" என்று கேட்டேன். "கத்துக்கிட்டே இருக்கு சித்தி. எங்க கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுல்ல" என்றாள்.

நம் ஊரிலும் பதிவு இல்லாமல் இல்லை. கர்ப்பிணிக்கு பிக்மி எண், 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், வருகிற அக்கா செல்போனில் பதிந்துகொள்கிறார். ஆனால் ஊரில் எல்லோரும் நம்பிப் போகிற டாக்டர் வீட்டுத் திண்ணையில் இன்றும் ஒரு நாற்பது பக்க நோட்டுதான். காலை ஆறு மணிக்குக் கம்பவுண்டர் வெளியே வைப்பார். போய்ப் பேர் எழுதிவிட்டு வர வேண்டும். போனில் சொன்னால் எழுத மாட்டார்.

போன வாரம் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. காலில் லேசாக வீக்கம். அழுத்திப் பார்த்தேன், விரல் குழி விழுந்தது. எனக்கு அந்தப் பாட்டியின் முதல் கோப்பு ஞாபகம் வந்தது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாலரைக்கு அக்கா மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு முப்பத்தொரு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறாள். தூங்கப் போகவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு, "நான் போய் எழுதிட்டு வந்துடறேன் சித்தி" என்று ஸ்கூட்டியை எடுத்தாள். லேமினேட் செய்த தாளையும் கையோடு கொண்டுபோனாள். நாலாவது முறையாகத் திருத்தியது அது, சிவப்பு எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறரைக்குத் திரும்பி வந்தாள். "ஏழாம் நம்பர் தாத்தா. ஒன்பது மணிக்குப் போனாப் போதும். கம்பவுண்டர் அந்தப் பேப்பரை வாங்கி வச்சுக்கிட்டார், டாக்டர்கிட்ட முதல்லயே காட்டிடறேன்னாரு."

அப்பா திண்ணையில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அதுல உப்பு விஷயத்தை எடுத்துட்டியா?" என்றது.